நாலாவது கரண்டி

வெர்னா நேரில் வரவில்லை, இருவருக்கும் பொதுவான சிநேகிதி ஓபலிடம் சொல்லி அனுப்பினாள். இந்த வருடம் புது அரிசி விருந்துக்கு ரோசெல்லா அடுப்பில் நிற்கக் கூடாதாம், துக்கக்காரி கை பட்ட சோற்றை ஊர் எப்படிச் சாப்பிடும் என்று கேட்டாளாம். ஓபல் நல்ல மனசுக்காரி. வழியெல்லாம் யோசித்து, அந்தச் சேதிக்குச் சர்க்கரை தடவித்தான் கொண்டுவந்து கொடுத்தாள். ஆனால் ரோசெல்லாவுக்குத் தன் நாத்தனார் வெர்னாவின் வாய் தெரியாதா? தடவிய சர்க்கரையை வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

"சாப்பிடக் கூடாதுன்னுதானே இருக்கு. சமைக்கக் கூடாதுன்னு எவ சொன்னா?" என்றாள். "பத்தொன்பது வருஷமா அந்த அடுப்பு என்னோடது. போய்ச் சொல்லு."

ஓபல் போய்ச் சொல்லவில்லை. எம்மெட்டிடம் போனாள். எங்கள் பழங்குடி ஊரின் ஏரிக்கரையில் விருந்து, சாவு, பெயர் வைப்பது எதுவானாலும் புகையிலை போட்டு வேண்டுகிறவர் எம்மெட்தான். அவர் காரின் அடியில் படுத்து எதையோ முறுக்கிக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு வெளியே வராமலேயே பதில் சொன்னார். துக்கக்காரி படகேறி, ஏரியில் தானாக விளைகிற அரிசிக் கதிரைத் தட்டி உதிர்க்கப் போகக் கூடாது, யாரும் ஊட்டாமல் புது அரிசியை வாயில் வைக்கக் கூடாது. இந்த இரண்டும்தான் அவர் கேள்விப்பட்டது. சமைப்பதைப் பற்றிப் பெரியவர்கள் ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை, சொல்லாததைத் தான் எதற்குப் புதிதாகச் சொல்ல வேண்டும் என்றார். அப்படியாக ரோசெல்லாவுக்கு அடுப்பு கிடைத்தது.

அவளுடைய கணவன் கிளேட்டன் மே மாதம் முதல் வாரத்தில் செத்துப்போனான். எங்கள் பக்கத்தில் கணவனைப் பறிகொடுத்தவள் அந்த வருடம் விளைந்த புதுப் பொருள் எதையும் தானாக எடுத்துச் சாப்பிட மாட்டாள். வேறொருவர் கரண்டியில் எடுத்து வாயருகே நீட்ட வேண்டும். முதல் மூன்று தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், நாலாவது தடவை வாங்கிக்கொள்ள வேண்டும். அதோடு அந்தப் பொருளுக்குத் தடை தீர்ந்தது. ஜூனில் ஸ்ட்ராபெர்ரி, ஜூலையில் புளூபெர்ரி, ஆகஸ்டில் சோளம், செப்டம்பரில் பரங்கியும் ஏரி அரிசியும் என்று ஒவ்வொன்றாக அவளை உலகத்துக்குள் திரும்பக் கூட்டி வருவார்கள்.

ரோசெல்லா வர மறுத்துவிட்டாள். ஜூனில் ஓபல் ஒரு கிண்ணம் பழத்தோடு வந்து நீட்டினாள். மூன்று தடவை முகம் திரும்பியது, அது முறை. நாலாவது தடவையும் திரும்பியது. ஓபல் கரண்டியும் கையுமாக நின்று பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பழத்தைத் தானே தின்று தீர்த்தாள். ஜூலையில் பக்கத்து வீட்டுக்காரி வந்தாள், அதே கதை. ஆகஸ்டில் யாரும் வரவில்லை.

"அப்ப யார் கையாலதான் சாப்பிடுவ?" என்று ஓபல் கேட்டாள்.

"அவன்கூடப் பொறந்தவ கையால."

"அவ வரமாட்டா."

"அப்ப நானும் சாப்பிடமாட்டேன்."

கிளேட்டனுக்குக் கூடப்பிறந்தவள் வெர்னா ஒருத்திதான், அவனைவிட மூன்று வயது மூத்தவள். இரண்டு வருடம் வாரத்துக்கு மூன்று நாள் கிளேட்டன் எழுபது மைல் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு எழுபது மைல் திரும்பி வந்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே போதும் என்றான். ஏரியில் பனிக்கட்டி உடைவதை வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்க வேண்டும் என்றான். ரோசெல்லா அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பனி உடைந்ததைப் பார்த்தான், ஒன்பது நாள் தண்ணீரைப் பார்த்தான், போய்விட்டான். அடக்கம் முடிந்த அன்று வெர்னா எல்லோர் முன்னாலும், "என் தம்பியை நீதான் கொன்னே" என்றாள். அதற்குப் பிறகு அவள் ரோசெல்லாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இது எங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். எங்கள் கரையில் நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் ஒருவரையொருவர் வாரிவிடுவது பொழுதுபோக்கு அல்ல, கடமை. முப்பது வருடமாக இவள் உடம்பை அவளும் அவள் சமையலை இவளும் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டத்தில் இவர்கள் இருவரும் இருந்தால் மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வருவார்கள். அந்த வாய்கள் இரண்டும் மூடிக்கொண்டதில் ஊரே கொஞ்சம் ஊமையாகிப் போனது.

ரோசெல்லாவின் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. ஓபல் கையால் வாங்கிக்கொண்டால் துக்கம் முடிந்துவிடும். வெர்னா இல்லாமலேயே முடிந்துவிடும். அப்புறம் அந்தக் கோபம் தீரவேண்டிய அவசியமே இருக்காது, இரண்டு பேரும் கிழவியாகிச் சாகும்வரை எதிரெதிர்ப் பக்கம் நடந்துகொள்ளலாம். கிளேட்டன் ஒருவன் போனது போதாதென்று அவனுடைய அக்காவையும் சேர்த்துப் புதைக்க அவள் தயாராக இல்லை. சரி, போய்க் கேட்டால் என்ன? கேட்க மாட்டாள். கொன்றவள் என்று சொன்னவளிடம் போய் வாயைத் திறந்து காட்ட அவளால் முடியாது. அதனால் பழம் போனது, சோளம் போனது, அவள் போன வருடத்து அரிசியையும் கடை ரொட்டியையும் தின்று இளைத்தாள். செப்டம்பர் இரண்டாம் வாரம் பழைய அரிசி ஜாடி காலியானது.

எங்களுக்கு அரிசி இல்லாத வீடு வீடில்லை. கடையில் கறுப்பாக, பளபளவென்று விற்கிறார்களே, வயலில் போட்டு மெஷினில் அறுத்தது, அதை நாங்கள் அரிசியில் சேர்ப்பதில்லை. ஒரு மணி நேரம் கொதித்தாலும் பல்லைப் பதம் பார்க்கும். ரோசெல்லா அதை வாங்கவில்லை. சனிக்கிழமை விருந்து, புது அரிசி வருகிறது, வெர்னா ஊட்டினால் சாப்பிடுவாள், இல்லையென்றால் அடுத்த வருடம்வரை அரிசி இல்லை. இப்படி முடிவு செய்துகொண்டு வெள்ளிக்கிழமை இரண்டு பானையில் கறியோடு எலும்புகளைக் கொதிக்கப் போட்டாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சமுதாயக் கூடத்தின் சமையலறையில் பெரிய பானை அடுப்பேறியது. நூற்றைம்பது பேருக்குச் சூப். மான் கொழுப்பில் வெங்காயத்தை வதக்கி, எலும்புச் சாறு ஊற்றி, மான்கறித் துண்டுகளைப் போட்டாள். பரங்கிக்காய் அவள் தோட்டத்தில் விளைந்தது, இருபது காய். அந்த விதையைப் போன வருடம் கிளேட்டன் எடுத்துக் காகித உறையில் போட்டு, தன் கோணல் எழுத்தில் 'பெரியது' என்று எழுதி வைத்திருந்தான். அவனைப் புதைத்த மூன்றாம் வாரம் அவள் மண்ணைக் கிளறி அதை ஊன்றினாள். அழுதுகொண்டு ஊன்றவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு ஊன்றினாள்.

பன்னிரண்டு காயை வெட்டித் தோல் சீவி, பாதியைத் துண்டாகவும் பாதியை மசித்தும் பானையில் போட்டாள். மசித்தது சாற்றைக் கெட்டியாக்கும், துண்டு பல்லுக்குக் கிடைக்கும். கடைசியில் அரிசி. விறகில் வறுத்த ஏரி அரிசி இருபது நிமிடத்தில் வெந்துவிடும். பழுப்பும் பச்சையுமாக இருக்கிற மணி வெடித்து இரண்டு ஓரமும் சுருண்டதும் தீயை அணைத்துவிட வேண்டும். இதற்கு நாக்கு தேவையில்லை, கண் போதும்.

நாக்குக்கு ஓபலை வைத்திருந்தாள். ஒவ்வொரு கட்டத்திலும் ஓபல் ஒரு கரண்டி எடுத்து ஊதிக் குடித்து, "நல்லாருக்கு" என்றாள். கறி போட்டபோதும் நல்லாருக்கு, பரங்கி போட்டபோதும் நல்லாருக்கு, அரிசி வெந்தபோதும் அதேதான். எதைக் கொடுத்தாலும் நல்லாருக்கு என்கிற நாக்கைப் பற்றி ரோசெல்லாவுக்கு லேசாகச் சந்தேகம் வந்தது. ஆனால் பாராட்டை யார்தான் துருவிக் கேட்பார்கள்?

பதினோரு மணிக்கு வெர்னா வந்தாள். இந்த வருடமும் ஊர் அரிசியை வறுத்தது அவள்தான். ஆறு நாள் இரும்புக் கொப்பரைக்குப் பக்கத்தில் அரிசி கிளறுகிற துடுப்போடு நின்றதில் கண்ணிமை முடி கருகியிருந்தது. கடைசி மூட்டையைத் தோளில் சுமந்து வந்து வாசலுக்கு உள்ளே இறக்கி வைத்தாள். ரோசெல்லாவைப் பார்க்கவில்லை. திரும்பியிருப்பாள், ஆனால் தன் அரிசி எப்படி மலர்ந்திருக்கிறது என்று பார்க்காமல் போக அவள் கால்கள் ஒப்பவில்லை. வறுத்தவளுக்கு அது தெரிய வேண்டும். பானைக்கு வந்தாள், கரண்டியை விட்டு அள்ளி ஊதி வாயில் வைத்தாள். அடுத்த நொடி தொட்டிக்கு ஓடித் துப்பினாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள்.

"கசக்குது" என்றாள். ஓபலைப் பார்த்துத்தான் சொன்னாள். "பரங்கி கசக்குது. இதையா ஊருக்குப் போடப்போறீங்க? பாதிப் பேர் ஆஸ்பத்திரிக்குப் போவாங்க."

ஓபல் பதறிப்போய் இன்னொரு கரண்டி எடுத்தாள். குடித்தாள். விழித்தாள். அப்புறம்தான் உண்மை வந்தது. அவளுக்கு மூன்று நாளாகச் சளி, மூக்கு முழுக்க அடைப்பு, தொண்டைக்கு மிட்டாயை மென்றுகொண்டே இருந்ததில் வாயில் எதுவுமே உறைக்கவில்லை. சொன்னால் ரோசெல்லா வேறு ஆளைத் தேடி அலைய வேண்டுமே என்று சொல்லாமல் விட்டிருக்கிறாள். நல்ல மனசு, என்ன செய்வது?

ரோசெல்லா ஓபலைத் திட்டவில்லை. அவளுக்குத் தன் தப்பு தெரிந்துவிட்டது. பரங்கிக்காயை வெட்டினால் பச்சையாக ஒரு சீவல் எடுத்து மென்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த காயைத் தொடுவாள். பத்தொன்பது வருடமும் அப்படித்தான். பேசிக்கொண்டே, பாட்டுக் கேட்டுக்கொண்டே அது நடக்கும், கைக்கும் வாய்க்கும் இடையில் அவளுக்கே தெரியாமல். இந்த வருடம் பரங்கியும் புதுப் பொருள் என்று கை தானாக நின்றுவிட்டது. சூப்புக்கு ருசி பார்க்க ஆள் வைக்க வேண்டும் என்று யோசித்தவளுக்கு, காயை மென்று பார்க்க ஆள் வைக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பன்னிரண்டில் ஒன்று கசந்தாலும் போதும், பானை முழுவதும் விஷம்.

"கண்ணு தெரியாதவ தச்ச மாதிரி, வாய் இல்லாதவ சமைச்சா இப்படித்தான்" என்றாள் வெர்னா, இப்போதும் ஓபலிடம்தான். "நான் சொன்னேன்ல, இவ தொடக் கூடாதுன்னு. கேட்டீங்களா? இவ தொட்டது எதுதான் தங்குச்சு?"

அந்தக் கடைசி வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று தெரிந்துதான் சொன்னாள். ரோசெல்லாவின் முகம் வெளுத்தது. ஓபல் அவசரமாக நடுவில் புகுந்து, கொஞ்சம் மேப்பிள் சர்க்கரை போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்டாள்.

"போடாதே" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஐந்து மாதத்தில் இருவரும் ஒத்துப்போனது அதில்தான். இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

ரோசெல்லா அடுப்பை அணைத்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு விருந்து, மூன்று மணி நேரம் இருந்தது. "கொட்டிட்டு மறுபடி வைக்கிறேன்" என்றாள். யாருக்கும் சொல்லவில்லை, பொதுவாகச் சொன்னாள். பானையின் ஒரு காதைப் பிடித்தாள். ஓபல் மறு காதைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், பானை அசையவில்லை. வெர்னா ஓபலை முழங்கையால் ஒதுக்கிவிட்டு அந்தக் காதைப் பிடித்தாள். உதவிக்கு வந்த முகம் இல்லை அது. தன் அரிசி எங்கே போய் விழுகிறது என்று பார்க்க வந்த முகம்.

பின்பக்கம் பைன் மரங்களுக்கு அடியில் குழி பார்த்துக் கொட்டினார்கள். புது அரிசியைக் குப்பைத் தொட்டியில் போட முடியாது. ரோசெல்லா ஒரு சிட்டிகைப் புகையிலையை அதன்மேல் வைத்து மன்னிப்புக் கேட்டாள். வெர்னா மண்ணில் ஆவி பறந்துகொண்டிருந்த அரிசியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆறு நாளில் ஒரு நாள் உழைப்பு அது. அவள் திட்டுவாள் என்று ரோசெல்லா காத்திருந்தாள், திட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

உள்ளே வந்ததும் ரோசெல்லா மிச்சம் இருந்த எட்டுக் காயையும் மேசைமேல் வரிசையாக அடுக்கினாள். கத்தியை எடுத்தாள். இனி வேறு வழியில்லை, இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். ஊட்டச் சொல்லித்தான் கேட்க மாட்டாள். சமையலுக்கு வேண்டியதைக் கேட்க அவளுக்கு என்ன வெட்கம்?

"அண்ணி, எனக்கு நாக்கு வேணும்" என்றாள்.

வெர்னா கையைக் கழுவிக்கொண்டு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவளுக்குத் துக்கத் தடை ஜூனிலேயே முடிந்துவிட்டது, கூடப்பிறந்தவர்களுக்கு முதல் பழத்தோடு சரி. ரோசெல்லா முதல் காயைப் பிளந்து ஒரு சீவலைக் கத்தி முனையில் நீட்டினாள். வெர்னா அதை எடுத்து மென்றாள்.

"கசக்கல."

இரண்டாவது, கசக்கல. மூன்றாவதை மென்றவள் முகம் கோணி, சீவலைக் கையில் துப்பிப் பக்கெட்டில் எறிந்தாள். ரோசெல்லா அந்தக் காயை அப்படியே வாசலுக்கு வெளியே உருட்டிவிட்டாள். நாலாவது கசக்கல, ஐந்தாவது கசக்கல. ஓபல் வெங்காயம் உரிக்கிற சாக்கில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆறாவது மறுபடி துப்ப வைத்தது.

"எங்கேர்ந்து பிடிச்சே இந்த விதையை?" என்றாள் வெர்னா. ஐந்து மாதத்துக்குப் பிறகு ரோசெல்லாவைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி.

"உங்க தம்பி எடுத்து வச்சது."

சொன்ன பிறகுதான் ரோசெல்லாவுக்கே விளங்கியது. போன வருடம் கிளேட்டனுக்குத் திடீரென்று கிலுகிலுப்பை செய்கிற ஆசை வந்தது. பரங்கிக் கொடிக்குப் பக்கத்திலேயே கைக்குள் அடங்குகிற, அழகுக்கு வளர்க்கிற கசப்புப் பரங்கி வகையைப் போட்டான். தள்ளிப் போடு, தேனீ இரண்டையும் கலந்துவிடும் என்று அவள் தலைப்பாடாக அடித்துக்கொண்டாள். தேனீக்களுக்குத் தன் மேல் மரியாதை உண்டு என்றான் அவன். அந்த மரியாதைதான் இப்போது பாதி பைன் மரத்தடியிலும் பாதி வாசலுக்கு வெளியிலும் கிடந்தது. இதை அவள் சொன்னாள், கத்தியை நிறுத்தாமல், ஒரே மூச்சில்.

வெர்னா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. "செத்தும் விடமாட்டேங்கிறான் பாரு" என்றாள். "கிலுகிலுப்பையாவது செஞ்சானா?"

"ஒண்ணு செஞ்சான். ஆட்டுனா சத்தமே வராது."

வெர்னா சிரித்துவிட்டாள். வாய் விட்டு, கூடத்து வாசல்வரை கேட்கிற மாதிரி. பாதியிலேயே யாரோ கன்னத்தில் தட்டியது போல நிறுத்தி, முகத்தை இறுக்கிக்கொண்டு, "அடுத்தது" என்று கையை நீட்டினாள்.

எட்டில் ஆறு தேறியது. ஆறு காயில் நூற்றைம்பது பேருக்குச் சூப் வராது. ரோசெல்லா ஒரு நிமிடம் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அப்புறம் சூப் யோசனையைக் கைவிட்டாள். பரங்கியைக் கட்டை விரல் அளவுத் துண்டாக்கி, வெங்காயமும் மான் கொழுப்பும் சேர்த்துத் தட்டுகளில் பரப்பி ஓவனில் தள்ளினாள். ஓரம் கருகிச் சுருங்கும்வரை வறுபட்டால் கொஞ்சம் பரங்கியே நிறையப் பேசும். இரண்டாவது பானை எலும்புச் சாற்றில் வெர்னா கொண்டுவந்த மூட்டை அரிசியை வேகவைத்து, சாற்றோடு வெந்திருந்த கறியைப் பிய்த்துப் போட்டு, வறுத்த பரங்கியைக் கடைசியில் உடையாமல் கிளறினாள். வெர்னா அவ்வப்போது கரண்டி விட்டு ருசி பார்த்தாள், தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். இரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தபோது ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டாள்.

ரோசெல்லா அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சாதம் தப்பித்தது. தான் தப்பித்தோமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கூடம் நிரம்பி வழிந்தது. எம்மெட் செத்தவர்களுக்கான தட்டை எடுத்து, சமைத்த ஒவ்வொன்றிலிருந்தும் அதில் கொஞ்சம் வைத்து, வேண்டுதலைச் சொல்லிச் சன்னல் ஓரம் வைத்தார். அப்புறம் ரோசெல்லாவை நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். முதலில் துக்கக்காரி வாயில் அரிசி போக வேண்டும், பிறகுதான் ஊர் கரண்டியைத் தொடும். அதுதான் வழக்கம். ஒரு கிண்ணத்தில் சாதத்தைப் போட்டுக் கரண்டியை வைத்து, யார் ஊட்டுவது என்று கேட்டார்.

ஓபல் எழுந்தாள். ரோசெல்லா தலையை ஆட்டி வேண்டாம் என்றாள். பக்கத்து வீட்டுக்காரி எழுந்தாள், அவளுக்கும் அதே தலையாட்டல்.

எம்மெட்டுக்கு எரிச்சல் வந்தது. "என்னம்மா, ஊரைப் பட்டினி போடப்போறியா? சோறு ஆறுது."

"நீங்க எல்லாரும் சாப்பிடுங்க மாமா. நான் சும்மா உக்காந்திருக்கேன்."

"அப்படி ஒரு வழக்கம் இல்ல."

"அப்ப காத்திருக்கேன்" என்றாள் ரோசெல்லா.

காத்திருந்தாள். நேராக எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு. வெர்னா எந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரியும், அந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் கேட்டது போல் ஆகிவிடும். ஒரு குழந்தை பசியில் சிணுங்கியது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். நூற்றைம்பது பேர் நாசியிலும் வறுத்த பரங்கி வாசனை ஏறிக்கொண்டிருந்தது, ஒருவர்கூடக் கரண்டியைத் தொடவில்லை. தன்னால் எல்லோரும் சங்கடப்படுகிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. அவள் எழவில்லை.

ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. வெர்னா வந்து எம்மெட் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கினாள். கரண்டியில் அள்ளி ரோசெல்லாவின் வாயருகே நீட்டினாள். ரோசெல்லா முகத்தைத் திருப்பினாள். ஐந்து மாதம் காத்திருந்த கையிலிருந்து முகத்தைத் திருப்புவது லேசாக இல்லை. ஆனால் முறை முறைதான்.

இரண்டாவது தடவை நீட்டினாள். ரோசெல்லா திருப்பினாள். வெர்னாவின் பொறுமை எவ்வளவு நீளம் என்று ஊருக்கே தெரியும். ஊர் பார்க்க மூன்று தடவை மறுப்பை வாங்கிக்கொள்ள அவளால் முடியுமா என்று எல்லோருக்கும் சந்தேகம். ரோசெல்லாவுக்கும்தான்.

மூன்றாவது தடவை கரண்டி வந்தபோது ஒரு மணி அரிசி மடியில் விழுந்தது. ரோசெல்லா முகத்தைத் திருப்பினாள். திரும்பிய காதுக்குக் கிட்டே வெர்னா குனிந்தாள்.

"என்கிட்டதான் முதல்ல கேட்டான்" என்றாள். ரோசெல்லாவுக்கு மட்டும் கேட்கிற குரல். "ஏப்ரல்ல, போன்ல. அக்கா, என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன்னு. நான் திட்டிட்டு போனை வச்சுட்டேன். அப்புறம்தான் உன்கிட்ட கேட்டிருக்கான். என்னால முடியாததை நீ செஞ்சுட்டே. அதைத்தான் என்னால தாங்க முடியல."

ரோசெல்லாவுக்கு இது தெரியாது. கிளேட்டன் அவளிடம் சொன்னதே இல்லை. அக்காவைக் காட்டிக்கொடுக்காமலேயே போய்விட்டான். அவள் முகத்தை நேராகத் திருப்பி, ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நாத்தனாரின் கண்ணைப் பார்த்தாள். கருகிய இமைக்குக் கீழே அந்தக் கண் நிறைந்திருந்தது.

நாலாவது கரண்டி வந்தது. ரோசெல்லா வாயைத் திறந்தாள்.

முதலில் விறகுப் புகை, அதன் பின்னால் ஏரித் தண்ணீரின் பச்சை வாசம், அப்புறம் பரங்கியின் இனிப்பு. மென்றாள். மே மாதத்திலிருந்து வராத அழுகை கன்னம் நனைய வந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை, மறைக்கவும் இல்லை. மென்று விழுங்கிவிட்டு, இன்னும் எதையோ தேடுவது போல நாக்கைச் சப்புக்கொட்டினாள். அவள் நெற்றி சுருங்கியது.

"அண்ணி, உப்பு கம்மி" என்றாள்.

"தெரியும்" என்றாள் வெர்னா. "நீயே ருசி பாத்துப் போடணும்னுதான் அங்க சொல்லாம விட்டேன்."

ரோசெல்லா மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். ஊர் பசியோடு பார்த்துக்கொண்டிருக்க, நேராகச் சமையலறைக்குப் போய் உப்பு டப்பாவைத் திறந்தாள்.